பசலையை விலைக்கு வாங்குகிறோம்

ஓர் உயர்தர மாணவி, கலைப் பிரிவு

'அகத்தின் அழகே அழகு' என்ற தலைப்பில் பேசாத மாணவி நம் பாடசாலைகளில் இருக்கமாட்டாள். தமிழ்மொழித் தினப் போட்டி மேடையாக இருந்தாலும் சரி, காலைக் கூட்டமாக இருந்தாலும் சரி, முகத்தின் அழகு வாடிப்போகும், குணத்தின் அழகு வாழ்ந்திருக்கும் என்று முழங்கிவிட்டுக் கைதட்டலோடு இறங்குகிறோம். இறங்கியதும் யாரோ எடுத்த குழுப்படத்தில் நமது முகம் கறுத்து விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறோம். மேடையில் பேசியவளும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவளும் ஒருத்தியே.

அப்படியானால் மேடையில் சொன்னது பொய்யா? படத்தைப் பார்த்தது பிழையா? இரண்டுமே இல்லை என்பது என் கருத்து. புற அழகு ஒன்றுமேயில்லை என்று நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒன்றுமேயில்லாத ஒன்றுக்காக யாரும் அழுவதில்லை. ஆனால் நிறத்தைப் பற்றிய ஒரு சொல்லுக்காக அழுத பிள்ளைகள் நம் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். ஆகவே 'அழகு முக்கியமில்லை' என்ற ஆறுதலைவிட நேர்மையான ஒரு பதில் நமக்குத் தேவைப்படுகிறது. அந்தப் பதிலை நான் ஒரு சங்கப் பாடலில் கண்டேன். அதை உங்களோடு சேர்ந்து படித்துப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

குறுந்தொகையின் 27ஆவது பாடல் அது. பாடியவர் வெள்ளிவீதியார் என்ற பெண்பாற் புலவர். எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றான குறுந்தொகையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள் உள்ளன. நம் ஈழத்துப் பூதந்தேவனாரின் பாடல்களும் அந்தத் தொகையில் இருக்கின்றன. வெள்ளிவீதியாரின் பாடல் ஐந்தே அடிகள் கொண்டது. பாலைத்திணை, அதாவது பிரிவைப் பாடும் திணை. தலைவன் பிரிந்து போயிருக்கிறான். தலைவி தன் தோழியிடம் பேசுகிறாள்.

அவள் சொல்வதை நம் பேச்சில் இப்படிச் சொல்லலாம். நல்லதொரு பசுவின் இனிய பால், அதன் கன்றும் குடிக்காமல், கறக்கும் பாத்திரத்திலும் விழாமல், மண்ணில் ஒழுகி வீணாய்ப் போனாற்போல, என் மேனியின் மாந்தளிர் அழகும் எனக்கு ஆகாமல், என் தலைவனுக்கும் பயன்படாமல் போகிறது. பசலை அதைத் தின்றுவிடப் பார்க்கிறது. அவ்வளவுதான் பாடல். மேலோட்டமாகப் படித்தால் கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் புலம்பல் என்று கடந்து போய்விடலாம். கொஞ்சம் நின்று படித்தால் அந்த ஐந்து அடிகளும் வேறு விதமாகப் பேசத் தொடங்குகின்றன.

முதலில் அந்தப் பாலைக் கவனியுங்கள். அழகுக்கு உவமை தேடும் புலவர்கள் வழக்கமாக நிலவையும் பூவையும் மயிலையும்தான் நாடுவார்கள். அவை தூரத்தில் நின்று பார்க்கப்படும் பொருள்கள். வெள்ளிவீதியார் பாலைக் கொண்டுவருகிறார். பால் பார்ப்பதற்கான பொருள் அல்ல, பசி தீர்ப்பதற்கான பொருள். அதுமட்டுமல்ல, பால் ஒரு உறவினால் சுரப்பது. கன்று இருப்பதனால்தான் பசுவிடம் பால் இருக்கிறது. மாடு வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கன்றை முட்டவிட்டால்தான் பால் இறங்கும் என்பார்கள். கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொண்டு பசுவுக்கே வேதனையாகிவிடும் என்றும் சொல்வார்கள். இத்தனையும் அந்த ஓர் உவமைக்குள் அடங்கியிருக்கிறது. அழகு என்பது அன்பைப் பெறுவதற்குக் கொடுக்கும் விலை அல்ல, அன்பு இருக்கும் இடத்தில் தானாகச் சுரப்பது என்று இந்த உவமை சொல்லாமல் சொல்கிறது. நாமோ இதைத் தலைகீழாக நம்பிக்கொண்டிருக்கிறோம். அழகாக இருந்தால்தான் அன்பு கிடைக்கும் என்பது நம் காலத்துக் கணக்கு.

பசுவுக்கு முன்னால் ஒரு 'நல்ல' இருப்பதையும் பாலுக்கு முன்னால் ஓர் 'இனிய' இருப்பதையும் தவறவிடக்கூடாது. பால் கெட்டுப் போனதால் கொட்டப்படவில்லை. பசுவிலும் குறையில்லை, பாலிலும் குறையில்லை. வந்து சேரவேண்டியவர்கள் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். இந்தப் பெண் தனிமையில் இருக்கும் நேரத்திலும் தன்னைக் குறைத்துக்கொள்ளவில்லை. 'நான் அழகாயில்லை, அதனால்தான் அவர் வரவில்லையோ' என்று ஒரு சொல்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை. ஒரு வரன் தட்டிப் போனால் உடனே கண்ணாடியின் முன் போய் நிற்கும் நமக்கு இது பெரிய பாடம்.

அடுத்து, பாடலின் வினைச்சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். உண்ணாது, படாது, ஆகாது, உதவாது என்று நான்கு எதிர்மறைகள். கன்றும் இல்லை, கலமும் இல்லை, நானும் இல்லை, அவரும் இல்லை. நான்கு கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்ட பிறகுதான் 'வேண்டும்' என்றொரு சொல் வருகிறது. அந்த விருப்பம் யாருடையது தெரியுமா? பசலையுடையது. பாடல் முழுவதிலும் எதையாவது விரும்பும் ஒரே பாத்திரம் அந்த நோய்தான். 'உண்' என்ற வினையும் இரண்டு முறை வருகிறது. உண்ணவேண்டிய கன்று உண்ணவில்லை, உண்ணக்கூடாத பசலை உண்ணத் துடிக்கிறது. புலவர் இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்று யாரும் கேட்கலாம். திட்டமிட்டாரோ இல்லையோ, ஐந்து அடிக்குள் ஒரே வினை இப்படி இரண்டு இடத்தில் நின்றால் அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது விடயம் எங்கள் வகுப்பில் பெரிய விவாதத்தை உண்டாக்கியது. 'பெண்ணின் அழகு ஆண் அனுபவிப்பதற்கு என்றுதானே இந்தப் பாட்டும் சொல்கிறது? பிறகு இதைப் பெண்மொழி என்று எப்படிப் புகழ்வது?' என்று தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. தலைவனைக் குறிக்க 'என் ஐ', அதாவது 'என் தலைவன்' என்ற பணிவான சொல்லைத்தான் அவள் பயன்படுத்துகிறாள். ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். 'எனக்கு' நிற்கிறது. என் அழகு முதலில் எனக்கு ஆகவில்லை, அதன் பிறகுதான் அவருக்கு உதவவில்லை. உவமையிலும் இதே வரிசைதான். முதலில் கன்று, பிறகு கலம். பாலின் மீது முதல் உரிமை கன்றுக்கு. கன்று குடித்ததன் மிச்சம்தான் பாத்திரத்துக்கு. தலைவி தன்னை வைத்திருப்பது கன்றின் இடத்தில் என்றே நான் வாசிக்கிறேன். இந்த அழகுக்கு முதல் உரிமைக்காரி நான் என்கிறாள். தலைவனை அவள் ஒதுக்கவில்லை, அவனோடு பகிர்ந்துகொள்ளவே ஏங்குகிறாள். ஆனால் வரிசையில் தன்னைப் பின்னுக்குத் தள்ளவும் இல்லை. நம்மில் எத்தனை பேர் அழகைப் பற்றிப் பேசும்போது 'எனக்கு' என்ற சொல்லை முதலில் வைக்கிறோம்? 'ஆக்கள் என்ன சொல்லுவாங்க' என்பதுதானே நமக்கு முதலில் வருகிறது.

இனி நிறத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்த இடம்தான். தலைவி தன் அழகுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். மாமை. உரையாசிரியர்கள் இதனை மாந்தளிரின் நிறம் என்பார்கள். மாமரத்தின் இளந்தளிரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். செம்மையும் கருமையும் கலந்து, வெயில் பட்டால் மினுங்கும் நிறம் அது. வெள்ளை அல்ல. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகாகத் திரும்பத் திரும்பப் போற்றப்படும் நிறம் இந்த மாமைதான். அதன் எதிரி பசலை. பசலை என்றால் மேனி வெளிறிப்போவது. பீர்க்கம் பூவின் நிறத்தை அதற்கு உவமை சொல்வார்கள். அதே குறுந்தொகையின் 399ஆவது பாடலில் பரணர், ஊரார் நீருண்ணும் கேணியில் படர்ந்த பாசியைப் பசலைக்கு உவமையாக்குகிறார். கை பட்ட இடத்தில் விலகி, கை எடுத்ததும் மீண்டும் வந்து மூடிக்கொள்ளும் பாசி. திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 119ஆவது அதிகாரம். விளக்கு எப்போது மங்கும் என்று இருள் காத்திருப்பதைப் போல, தழுவல் எப்போது தளரும் என்று பசப்பு காத்திருக்கிறது என்று வள்ளுவர் அதில் ஒரு கருத்தைச் சொல்கிறார்.

தோழியரே, இதை இப்போது சேர்த்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பெண்ணுக்குக் கருமை கலந்த நிறம் ஆரோக்கியம், அழகு, மகிழ்ச்சி. வெளிறிப்போவது நோய். தன் மேனி வெளுக்கத் தொடங்கியதைக் கண்டு அவள் பதறுகிறாள். நாமோ மேனி வெளுக்கவில்லையே என்று பதறுகிறோம். அவள் எதற்குப் பயந்தாளோ அதைத்தான் நாம் சின்னச் சின்னக் குப்பிகளில் காசு கொடுத்து வாங்குகிறோம். பசலைக்கு விலை போட்டு, பெட்டியில் அடைத்து, ஏழு நாளில் பலன் என்று எழுதி விற்றால் அதன் பெயர்தான் வெள்ளையாக்கும் கிறீம்.

இதை வெறும் பேச்சழகுக்காகச் சொல்லவில்லை. வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் சேர்க்கப்படுவதை உலக சுகாதார நிறுவனம் எச்சரித்து வந்திருக்கிறது. பாதரச உப்புகள் தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுக்கின்றன. அதனால்தான் முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. மினமாட்டா சமவாயத்தின்படி, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கலந்த அழகுசாதனப் பொருள்களுக்கு 2020ஆம் ஆண்டோடு முடிவு கட்டவேண்டும் என்று நாடுகள் உடன்பட்டன. அதே 2020இல் 'பெயார் அன்ட் லவ்லி' என்ற கிறீமும் தன் பெயரை 'குளோ அன்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் குப்பியில் எழுதியிருப்பது மாறினாலும் நம் வாயில் இருப்பது மாறவேண்டுமே! 'பசலை உண்ணப் பார்க்கிறது' என்று அந்தத் தலைவி சொன்னது ஒரு கற்பனை. நம் காலத்தில் அது உண்மையாகவே உண்கிறது.

நம் வாயில் இருப்பது என்ன? ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் 'மணமகள் தேவை' பகுதியைப் புரட்டினால் 'வெள்ளை நிறமான' என்ற சொல்லைத் தேடவேண்டியதில்லை, அதுவே கண்ணில் படும். கல்யாண வீடுகளில் மாமிமார் பேசும்போது 'புள்ள நல்லம், நிறந்தான் மட்டு' என்பார்கள். சில வீடுகளில் நிறம் குறைந்தால் கேட்கப்படும் சீதனம் கூடுகிறது. மாநிறம் என்ற அருமையான சொல் இன்னும் நம்மிடம் இருக்கிறது. மாமையின் சொந்தக்காரச் சொல்லாகவே அது எனக்குப் படுகிறது. ஆனால் அந்தச் சொல்லை இன்று எப்படிப் பயன்படுத்துகிறோம்? 'மாநிறம்தான், ஆனால் படித்த பிள்ளை', 'மாநிறம்தான், ஆனால் களையான முகம்'. அந்த 'ஆனால்' ஒரு மன்னிப்புக் கோரல். வெள்ளிவீதியாரின் தலைவி அதே நிறத்தை 'கவின்' என்ற சொல்லோடு சேர்த்து, தன் பேச்சின் முடிமணியாக, கடைசி அடியில் நிறுத்துகிறாள். அவளுடைய பேச்சில் 'ஆனால்' இல்லை.

இந்த இடத்தில் இரண்டு மறுப்புகள் எழக்கூடும். ஒன்று, 'அப்படியானால் கறுப்புதான் அழகு, வெள்ளை நோய் என்று சொல்ல வருகிறாயா?' இல்லை. பிறவியிலேயே வெண்ணிறமான தோழிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய நிறம் அவர்களுடைய மாமை. பசலை என்பது ஒரு நிறத்தின் பெயர் அல்ல, தனக்குரிய நிறத்தை இழப்பதன் பெயர். அந்தப் பெண் அழுவது தன் அழகு தன்னைவிட்டுப் போவதற்காகவே. யாருடைய நிறத்தோடும் தன் நிறத்தை அவள் ஒப்பிடவில்லை. இன்னொருத்தியின் பெயரே அந்தப் பாடலில் இல்லை.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கடினமானது. ஓர் ஆண் அருகில் இருந்தால் மலர்வதும் பிரிந்தால் வாடுவதும்தானா ஒரு பெண்ணின் அழகு? இதற்கு நான் முழுமையான பதில் வைத்திருப்பதாகச் சொல்லமாட்டேன். சங்க மரபில் பசலை பூப்பது பெரும்பாலும் பெண்ணுக்குத்தான், பொருள் தேடிப் பிரிபவன் பெரும்பாலும் ஆண்தான். அந்தச் சமமின்மையை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லலாம். தன் உடலில் நடப்பதை, தன் ஏக்கத்தை, ஒரு பெண் தன் சொந்தக் குரலில், கூச்சமில்லாமல், கண்ணியமாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்காக வேறு யாரும் பேசவில்லை. அகநானூற்றின் 147ஆவது பாடலில் ஔவையார், தலைவனைத் தேடி அலைந்த வெள்ளிவீதியைப் போல நானும் புறப்படலாமா என்று தன் தலைவியைப் பேசவைக்கிறார். பால் மண்ணில் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளாக அல்ல, எழுந்து புறப்பட்டவளாகவே இன்னொரு பெண்புலவர் அவரை நினைவு வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் மார்க்கமும் இந்த விடயத்தில் அழகை இல்லையென்று சொல்லவில்லை. மணமுடிக்க நாடும் பெண்ணைப் பார்த்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். பெண் மணமுடிக்கப்படும் காரணங்களில் ஒன்றாக அழகையும் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் தேர்ந்தெடுக்கச் சொன்னது மார்க்கப்பற்றை. அல்லாஹ் நம் தோற்றங்களைப் பார்ப்பதில்லை, உள்ளங்களையும் செயல்களையுமே பார்க்கிறான் என்ற ஹதீஸை நாம் சிறுவயதிலேயே பாடமாக்கியிருக்கிறோம். வெள்ளையருக்குக் கறுப்பரைவிட இறையச்சத்தால் அன்றி மேன்மையில்லை என்ற இறுதி ஹஜ் பேருரையின் கருத்தும் நமக்குத் தெரியும். மக்கா வெற்றியின்போது கஃபாவின் மேல் ஏறி அதான் சொன்ன பிலால் (ரழி) அவர்களின் நிறம் என்ன என்பதும் தெரியும். இத்தனையும் தெரிந்த ஒரு சமூகத்தில் 'நிறந்தான் மட்டு' என்ற பேச்சு எப்படி உயிர்வாழ்கிறது? குறை மார்க்கத்தில் இல்லை, மரபிலும் இல்லை. இடையில் எங்கேயோ நாம் பழகிக்கொண்டதில் இருக்கிறது. பழகிக்கொண்டது என்றால் விட்டுவிடவும் முடியும்.

ஆகவே 'அகத்தின் அழகே அழகு' என்று மேடையில் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதால் பயனில்லை என்று நினைக்கிறேன். வெள்ளிவீதியார் அப்படிச் சொல்லவில்லை. மேனியின் அழகும் உண்மை, அதை இழக்கும் துயரமும் உண்மை என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்த அழகு முதலில் எனக்கு, அது அன்பினால் சுரப்பது, அது எனக்கென்று வாய்த்த நிறத்தில் இருப்பது என்ற மூன்றையும் ஐந்து அடிக்குள் சொல்லிவிடுகிறார். இந்த மூன்றையும் ஒரு பிள்ளைக்குச் சிறுவயதிலேயே சொல்லிக்கொடுத்தால், அவள் எந்தக் குப்பியையும் தேடிப் போகமாட்டாள். யாராவது வேண்டாமென்று சொல்லிவிட்டாலும், பால் மண்ணில் கொட்டியதற்குப் பாலைக் குறைசொல்லமாட்டாள்.

இதை வாசிக்கும் தோழியரிடமும், நம் சஞ்சிகையை வீட்டில் எடுத்து வாசிக்கும் உம்மாமாரிடமும் எனக்கு ஒரேயொரு வேண்டுகோள். நாளை உங்கள் வீட்டில் ஒரு ராத்தாவுக்கோ தங்கச்சிக்கோ வரன் பேசும்போது அவளுடைய நிறத்தைச் சொல்லவேண்டி வந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். மாநிறம் என்றே சொல்லுங்கள், கறுப்பு என்றால் கறுப்பு என்றே சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் 'ஆனால்' நமக்கு வேண்டாம்.